கருடனா, கள்ளப்பருந்தா? காவிரிப் படுகையில் எடுத்த படங்களை வைத்து இரைகொல்லிப் பறவைகளை இனம் காண்பது எப்படி

கும்பாபிஷேகத்தன்று கோபுரக் கலசத்துக்கு மேலே ஒரு கருடன் வட்டமடித்தால் கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். செங்காவி உடம்பு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. அது கருடன் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாச்சியார்கோவில் கல் கருடனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் வேண்டியதில்லை. அதே கருடனின் குஞ்சு கூட்டை விட்டு இறங்கிய முதல் வருஷம் கொல்லைத் தென்னையில் வந்து உட்கார்ந்தால் மட்டும், "பருந்து வந்துருச்சு, குஞ்சைப் பஞ்சாரத்துல போட்டு மூடு" என்று கல்லைத் தேடுவோம். அந்த வயதில் அதற்குக் காவியும் இல்லை, வெள்ளையும் இல்லை. உடம்பு முழுக்கப் பழுப்பு. இரண்டாம் ஆண்டில்தான் தலை வெளுக்க ஆரம்பிக்கும், முழுக்கோலம் வர மூன்றாம் ஆண்டு ஆகும்.

படத்தைப் பார்த்து இனம் காண்பதில் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விழுந்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன். கையில் ஒரு செல்போனோ ஜூம் கேமராவோ இருக்கிறது, வீடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம், "பருந்து" என்று பெயர் போட்ட ஃபோல்டரில் முப்பது நாற்பது படம் சேர்ந்துவிட்டது என்றால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

வானத்தில் பறக்கும் பருந்தைச் சும்மா எடுத்தால் கரிக்கட்டைதான் கிடைக்கும். பின்னால் வெளிச்சமாக வானம் இருப்பதால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு புள்ளி கூட்டி, பிளஸ் ஒன்றில் வையுங்கள். போனில் என்றால் பறவையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். வானம் வெளுத்துப்போகட்டும், நமக்கு வேண்டியது பறவை. ஷட்டர் வேகம் 1/1600 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்.

நம் ஊருக்கென்றே ஒரு வசதி உண்டு. சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், கீழேயிருந்து வெளிச்சம் எதிரொளித்து மேலே போகும். கண்ணாடி மாதிரிக் கிடக்கும் வயலுக்கு மேலே தாழப் பறக்கும் பருந்தின் அடிச்சிறகு பளிச்சென்று தெரியும். வரப்பு காய்ந்த பிறகு அதே பறவையை அதே நேரத்தில் எடுத்தாலும் அடிப்பக்கம் இருட்டாகத்தான் வரும். வேதாரண்யம் உப்பளத்திலும் இந்த வெளிச்சம் கிடைக்கும். அங்கே உப்பே எதிரொளிக்கும்.

ஒரே ஒரு நல்ல படத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பறவை திரும்பும்போது, சிறகை மடக்கும்போது, வாலை விரிக்கும்போது என்று இருபது படம் எடுங்கள். அதில் பதினெட்டு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வாலின் வடிவம் தெரியும் ஒரு மங்கல் படம், முகம் மட்டும் தெளிவாக இருக்கும் படத்தைவிட அதிகம் சொல்லும். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் பைனாகுலரின் கண்ணாடியில் போன் லென்ஸை ஒட்டி வைத்து எடுத்துப் பாருங்கள். கை பழக ஒரு வாரம் ஆகும். அதுவும் சரிவரவில்லை என்றால் வீடியோ எடுங்கள், பறக்கும் விதம் அதில் பதிவாகிவிடும்.

இன்னொன்று. யாரிடமாவது கேட்பதற்காகப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, வாலில் இருக்கும் பட்டைகளெல்லாம் கரைந்துவிடும்.

பெயருக்கு முன்னால் ஊரும் மாதமும்

படத்தின் பெயரை "ஐஎம்ஜி 4471" என்றே விட்டுவிடாதீர்கள். எந்த ஊர், எந்தத் தேதி, கீழே என்ன இருந்தது (வயலா, ஏரியா, ஆறா, தென்னந்தோப்பா, அலையாத்திக் காடா) என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

ஏனென்றால் நம் இரைகொல்லிகளில் கள்ளப்பருந்து (பிளாக் கைட்), கருடன், கருந்தோள் பருந்து, வல்லூறு (ஷிக்ரா) எல்லாம் வருஷம் முழுக்க இங்கேயே இருப்பவை. பூனைப்பருந்துகள் (ஹாரியர்), மீன் பிடிக்கும் விராலடிப்பான் (ஆஸ்ப்ரே), பெரும்புள்ளிக் கழுகு, பூட்டட் ஈகிள் என்ற சின்னக் கழுகு போன்றவை வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள். செப்டம்பர், அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஜூன் மாதம் கொளுத்தும் வெயிலில் ஒரத்தநாட்டில் எடுத்த படத்தைக் காட்டி "பூனைப்பருந்து" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் தேதியைத்தான் திரும்பக் கேட்பேன்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஷிக்ராவை ஒருவர் வல்லூறு என்பார், ஒருவர் வைரி என்பார். வல்லூறு என்றாலே பிணந்தின்னிக் கழுகு என்று நினைப்பவர்களும் உண்டு. கிராமத்தில் பெரியதெல்லாம் கழுகு, மீதியெல்லாம் பருந்து. இதில் சண்டை போட்டுப் பயனில்லை. நீங்கள் எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

முதலில் அது இரைகொல்லிதானா?

சிரிக்காதீர்கள். எனக்கு வரும் "பருந்து" படங்களில் நிறைய பருந்தே இல்லை. உச்சி வெயிலில் வெப்பக் காற்றில் ஏறிச் சுற்றுவது பருந்து மட்டுமல்ல. நத்தைகுத்தி நாரைக் கூட்டமும் அப்படியே சுற்றும், சில சமயம் பருந்துகளோடு கலந்தே சுற்றும். கழுத்து முன்னால் நீண்டு, கால் வாலைத் தாண்டிப் பின்னால் நீண்டிருந்தால் அது நாரை. பருந்துக்குக் கழுத்தே இல்லாத மாதிரித்தான் தெரியும்.

கெட்டிக்காரப் போலி ஒன்று இருக்கிறது, அக்காக்குயில். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புக் கோடுகள், வாலில் பட்டைகள், மஞ்சள் கண் வளையம் என்று அப்படியே வல்லூறு மாதிரி இருக்கும். பறந்து வந்து கிளையில் அமர்வதும் அதே தோரணை. சின்னக் குருவிகள்கூடப் பயந்து கத்தும். படத்தில் அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். வல்லூறின் அலகு அடியிலிருந்தே கொக்கி போல் வளையும். அக்காக்குயிலுக்கு அலகு மெலிந்து, ஏறக்குறைய நேராக இருக்கும். காலும் வல்லூறுக்கு நீளம், நகங்கள் தனித்தனியாகத் தெரியும். குயிலின் கால் வயிற்று இறகுக்குள் பாதி மறைந்திருக்கும்.

அளவுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள்

வெற்று வானத்தில் பறவையின் அளவை யாராலும் சொல்ல முடியாது. அதனால் பருந்தைத் துரத்தும் காக்கையையும் இரட்டைவால் குருவியையும் படத்திலிருந்து வெட்டி எறியாதீர்கள். காக்கை ஏறக்குறைய 40 செ.மீ. நீளம். வல்லூறும் கருந்தோள் பருந்தும் அதைவிடச் சின்னவை. கருடன் கொஞ்சம் பெரியது, கள்ளப்பருந்து இன்னும் பெரியது. காக்கை ஈ மாதிரி தெரிந்தால், கடற்கரைப் பக்கம் என்றால், வெண்வயிற்றுக் கடற்கழுகாக இருக்கலாம். அதன் இரண்டு சிறகையும் விரித்தால் ஆறு அடிக்கு மேல்.

வால்

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள், பாதிப் பறவைகளை வாலை வைத்தே பிரித்துவிடலாம்.

கள்ளப்பருந்தின் வால் நுனி மீன்வால் போல உள்ளே வெட்டியிருக்கும். கருடனின் வால் நுனி வளைந்து, விசிறி போல் இருக்கும். பழுப்பு நிற இளங்கருடனையும் கள்ளப்பருந்தையும் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. திரும்பும்போது கள்ளப்பருந்து வாலை முழுக்க விரிக்கும், அந்த நொடியில் வெட்டு மறைந்து வால் நேர்கோடாகத் தெரியும். ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு "வால் பிளக்கவில்லை, ஆகவே கருடன்" என்று எழுதிவிடுவோம். இருபது படம் எடுக்கச் சொன்னது இதற்குத்தான். இறகு உதிரும் காலத்தில் வாலில் நடு இறகு இல்லாமல் போய், பிளவே இல்லாத பறவைக்கும் பிளவு வந்த மாதிரி இருக்கும். சிறகிலும் ஓட்டை தெரிந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

வால் சின்னதாக, ஆப்பு வடிவத்தில் நடுப்பகுதி நீண்டு, வெள்ளையாக இருந்தால் கடற்கழுகு. வால் நீளமாக, குறுக்கே பட்டைகளோடு, சிறகு குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் வல்லூறு. மரங்களுக்கிடையே புகுந்து திரும்புகிற பறவைக்கு அப்படி ஒரு வால் வேண்டும். தென்னந்தோப்பில் அணிலையும் ஓணானையும் பிடிப்பது பெரும்பாலும் இதுதான்.

நீண்ட வாலின் அடியில், முதுகும் வாலும் சேரும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தால் பூனைப்பருந்துப் பெண் என்று நினைக்கலாம். அதற்கு முதுகுப் பக்கம் தெரியும் படம் வேண்டும். வரப்பில் நின்று எடுத்தால் கிடைக்காது, ஆற்றங்கரை மேட்டிலோ பாலத்திலோ நின்றால் கிடைக்கும்.

விரல்களும் சிறகைப் பிடிக்கும் விதமும்

சிறகு நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் இறகுகளை விரல்கள் என்போம். படத்தைப் பெரிதாக்கி எண்ணுங்கள். கள்ளப்பருந்துக்கும் தேன்பருந்துக்கும் ஆறு. வல்லூறுக்கும் சேற்றுப் பூனைப்பருந்துக்கும் ஐந்து. பெரும்புள்ளிக் கழுகு போன்ற பெரிய கழுகுகளுக்கு ஏழு. விரலே தெரியாமல் சிறகு கத்தி போலக் கூர்ந்து முடிந்தால் அது கெஸ்ட்ரல், பொரி வல்லூறு வகையறா. இவை ஃபால்கன் குடும்பம், மேலே சொன்ன வல்லூறு வேறு. மங்கலான படத்தில் விரல் எண்ணுவது சோதிடம் பார்ப்பது போலாகிவிடும், அங்கே இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சிறகைத் தூக்கிப் பிடிக்கும் விதத்துக்குத் தெளிவான படம்கூடத் தேவையில்லை. எதிரே வரும்போதோ விலகிப் போகும்போதோ எடுத்த கரிக்கட்டைப் படம் போதும். பூனைப்பருந்து மிதக்கும்போது இரண்டு சிறகும் மேல்நோக்கி விரித்த புத்தகம் போல நிற்கும். கடற்கழுகும் அப்படியே, ஆனால் அது வானத்தில், பூனைப்பருந்து நாற்றுக்கு மேலே ஆள் உயரத்தில். கள்ளப்பருந்தின் சிறகு மட்டமாகவோ கொஞ்சம் தொங்கியோ இருக்கும், வால் மட்டும் படகுச் சுக்கான் மாதிரி முறுக்கிக்கொண்டே இருக்கும். விராலடிப்பானின் சிறகு மணிக்கட்டில், அதாவது சிறகின் நடு மூட்டில், மடங்கி, இங்கிலீஷ் எம் எழுத்துப் போலத் தெரியும்.

அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் பறவை என்றால் வயலில் இரண்டு பேருக்குத்தான் வாய்ப்பு அதிகம். வெள்ளையும் சாம்பலுமாக, தோளில் கறுப்புத் திட்டோடு, இரத்தச் சிவப்புக் கண்ணோடு இருந்தால் கருந்தோள் பருந்து. முதுகு செங்கல் நிறம், வால் நுனியில் கறுப்புப் பட்டை என்றால் குளிர்காலத்தில் வரும் கெஸ்ட்ரல். கருந்தோள் பருந்தைப் பார்த்தால் விவசாயி சந்தோஷப்பட வேண்டும். தஞ்சாவூர் எலிக்கிட்டி வைத்து ராத்திரி முழுக்கப் பிடிக்கும் எலிக்கு, இது பகலில் கூலியில்லாத ஆள்.

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள்

காலை ஆறரை மணி வெயிலில் கள்ளப்பருந்தும் கருடன் மாதிரி சிவந்து தெரியும். வெளுத்த வானத்தில் கருடனின் காவியும் கறுப்பாகும். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, எது வெளிறியது, எது கருத்தது, எங்கே என்று மட்டும் பாருங்கள். வெள்ளை அடிவயிறு, மணிக்கட்டில் கருந்திட்டு, கண்ணோடு சேர்ந்து ஓடும் கறுப்புக் கோடு என்றால் விராலடிப்பான். கொள்ளிடத்திலும் முத்துப்பேட்டைக் கழியிலும் குளிர்காலத்தில் தேடிப் பாருங்கள். மீனோடு பறக்கும் படம் கிடைத்தால் இன்னும் சுலபம், மீனின் தலையை முன்னோக்கித் திருப்பி நீளவாக்கில் பிடித்துக்கொண்டு போகும். உடம்பும் முன்சிறகும் வெள்ளை, பின்சிறகு இறகுகள் கறுப்பு, அளவு கள்ளப்பருந்து மாதிரி என்றால் பூட்டட் ஈகிள். எதிரே வரும்போது கழுத்தும் சிறகும் சேரும் இடத்தில் இரண்டு சின்ன வெள்ளைப் பொட்டு, லாரி முன்விளக்குப் போலத் தெரியும். அதைப் படத்தில் பிடித்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

நிறம் சுத்தமாகக் கைவிடும் பறவை தேன்பருந்து. ஒன்று ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும், அடுத்தது கறுப்பாக இருக்கும். தலையைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாமல் புறாத்தலை போலச் சின்னதாக, கழுத்து நீண்டு இருக்கும். ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் அடியில் பெரிய தேனடை தொங்கினால் அந்தப் பக்கம் இது வரும்.

உட்கார்ந்திருக்கும் பறவை: நான் வழுக்கி விழுந்த கதை

கல்லணைக் கால்வாய்க் கரையில், ஒரு மொட்டைப் பனையில், பழுப்பாக ஒரு பெரிய பறவை. முதுகில் அங்கங்கே வெளிர் புள்ளிகள். காலை வெயில் சரியாக முகத்தில். எடுத்த படம் அத்தனை அழகு. பெரும்புள்ளிக் கழுகு என்று முடிவுகட்டி, மூன்று நாள் போனை எடுத்து எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள் எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், முப்பது வருஷமாகப் பறவை பார்க்கிறவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இதுக்குக் கால்ல இறகு எங்க?"

"கால்லயா சார்?"

"புள்ளிக் கழுகுன்னா விரல் வரைக்கும் கால்சட்டை போட்ட மாதிரி இறகு மூடியிருக்கணும். இது வெறுங்காலா மஞ்சளா நிக்குது பாரு. பாவம், கருடன் குஞ்சு. நீ அதைக் கழுகாக்கிட்டே."

அன்றிலிருந்து உட்கார்ந்திருக்கும் எந்தப் பறவையிலும் நான் முதலில் பார்ப்பது கால். பெரும்புள்ளிக் கழுகு, பூட்டட் ஈகிள் போன்றவற்றுக்குக் காலில் விரல் வரை இறகு இருக்கும். கள்ளப்பருந்து, கருடன், கடற்கழுகு, விராலடிப்பான், பூனைப்பருந்து எல்லாம் வெறுங்கால். முதுகுப் புள்ளிகள் இளம்பறவைகளில் பலவற்றுக்கும் உண்டு, அவற்றை நம்பக்கூடாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

செயலிகளை எவ்வளவு நம்பலாம்

மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் இரண்டையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல படத்துக்கு நல்ல பதில் சொல்லும். கரிக்கட்டைப் படத்துக்கும் கூசாமல் ஒரு பதில் சொல்லும், அதுதான் தொல்லை. ஊரும் தேதியும் கொடுத்துக் கேளுங்கள். அது சொல்லும் பெயரை விடை என்று எடுத்துக்கொள்ளாமல் ஒரு கேள்வி என்று எடுத்துக்கொண்டு, வால், விரல், கால் ஒத்துவருகிறதா என்று நீங்களே சரிபாருங்கள்.

எங்கே போவது

பழக நினைப்பவர்கள் முதலில் சம்பா அறுவடை நடக்கும் வயலுக்குப் போங்கள். அறுவடை மெஷினுக்குப் பின்னால் கொக்குகளோடு கள்ளப்பருந்தும் வரும், எலியும் வெட்டுக்கிளியும் வெளியே ஓடும் நேரம் அது. மெஷின் ஓட்டுபவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், பறவையும் உங்களைக் கண்டுகொள்ளாது. கள்ளப்பருந்து ஒன்றையே ஐந்நூறு படம் எடுங்கள். இது அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கள்ளப்பருந்தை எல்லாக் கோணத்திலும் தெரிந்த கண்ணுக்குத்தான், அதில் சேராத ஒன்று வந்தால் உடனே உறுத்தும்.

அப்புறம் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகள். இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. ஏரியில் வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பினால் மேலே நிமிர்ந்து பாருங்கள், ஏதோ ஒரு இரைகொல்லி வந்திருக்கும். கோடியக்கரை 1967-லேயே சரணாலயமானது, 2002-ல் ராம்சார் தலமானது. நவம்பருக்கு மேல் அங்கே போனால் சதுப்பில் பூனைப்பருந்தும் கரையோரத்தில் கடற்கழுகும் பார்க்க வாய்ப்புண்டு. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கூடு கண்டால் இரண்டு படத்தோடு திரும்பிவிடுங்கள், இடத்தை எங்கேயும் எழுதாதீர்கள். கருடன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம், நீங்கள் அடியில் நின்றால் தாய் இறங்காது, குஞ்சு வெயிலில் காயும்.

பெயர் தெரியாத படங்கள்

போன பிப்ரவரியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு படம் கொண்டுவந்தான். தாளடி அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது, அதற்கு மேலே தாழப் போகும் பழுப்புப் பறவை. "கள்ளப்பருந்துதானே மாமா?" என்றான். வால் நீளம், பிளவில்லை. சிறகு விரித்த புத்தகம். வாலடியில் வெள்ளைத் திட்டு. பூனைப்பருந்து என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பூனைப்பருந்துகளில் மான்டேகு இனமா, பாலிட் இனமா? இரண்டின் பெண்ணும் இளம்பறவையும் ஒன்றுபோலவே இருக்கும். கழுத்தைச் சுற்றி வெளிர் வளையமும் முகத்தின் கருந்திட்டும் தெளிவாகத் தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அவன் படத்தில் முகம் ஐந்தாறு பிக்சல்தான்.

"சரி, பாலிட்னு போட்டுக்கலாமா?" என்று கேட்டான், அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்துவிட்டது. வேண்டாம் என்றேன். "பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை, உளுந்து வயல், பிப்ரவரி" என்று எழுதி அதற்கென்று தனி ஃபோல்டரில் போட்டோம். என்னிடம் அந்த மாதிரி ஃபோல்டரில் அறுபது படத்துக்கு மேல் இருக்கிறது. மழை நாளில் வெளியே போக முடியாதபோது திறந்து பார்ப்பேன். இந்த ஐப்பசியில் அதிலிருந்து இரண்டுக்குப் பெயர் கிடைத்தது. ஒன்று வெள்ளைக்கண் வைரி. இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்காக்குயில்.